ஸ்க்ரம்ல நம்ம பக்கத்து டீமும் ஒண்ணு சேக்கலாம்: எதை, எப்படி, எங்க

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் சாஃப்ட்வேர் வேலை பாக்கிற எந்த டீம்கிட்ட கேட்டாலும் நாங்க ஸ்க்ரம்தான் (வேலையைச் சின்னச் சின்னச் சுத்தாப் பிரிச்சு டீமா சேந்து முடிக்கிற முறை) பண்ணுதோம்னு சொல்லுவாங்க, கங்கைகொண்டான் எல்காட் பார்க்ல இருக்கிற கம்பெனியா இருந்தாலும் சரி, வண்ணார்பேட்டையில ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நடத்துற சின்ன ஆபீஸா இருந்தாலும் சரி. 2011ல ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கு வந்த பொறவு ஊர்ல இருந்துக்கிட்டே இந்த வேலையைப் பாக்கலாம்ங்கிற நம்பிக்கை நிறைய பேருக்கு வந்துச்சு, அப்புறம் கொரோனா சமயத்துல சென்னை பெங்களூர்ல இருந்தவங்கள்லாம் லேப்டாப்போட வீட்டுக்கு வந்தாங்க, கொஞ்சப் பேர் திரும்பிப் போகவே இல்ல. இவ்வளவு பேர் இத்தனை வருசமா ஒரு முறையைக் கையில வச்சுப் பழகிட்டோம், அதுல நம்ம தேவைக்குத் தக்கன நிறைய சேத்தும் வச்சிருக்கோம், ஆனா அதை எழுதி இந்தாங்க, இது எங்க பக்கத்துல இருந்து, மத்தவங்களுக்கும் உதவும்னு வெளிய அனுப்புன டீமை நான் இன்னும் பாக்கல. அனுப்பலாம், அனுப்பணும், அதுக்கு வழி இருக்கு. அந்த வழி எப்படி வந்துச்சு, எது எடுபடும் எது எடுபடாதுன்னு விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, அதான் இது.

முதல்ல மூலத்துல என்ன இருக்குன்னு தெளிவாயிரணும், ஏன்னா மூலம் எதுன்னு தெரியாம அதுல என்ன சேக்கன்னு பேச முடியாது. மூலம்னு நான் சொல்லுறது ஸ்க்ரம் கைடு, அதாவது ஜெஃப் சதர்லேண்டும் கென் ஸ்வேபரும் இந்த முறைக்கு எழுதி வச்ச கையேடு, அதோட 2020 பதிப்பு மொத்தம் 13 பக்கம். மூணு பொறுப்பு, அதாவது எது முதல்ல வேணும்னு முடிவு பண்ணுற ப்ராடக்ட் ஓனர், முறை சரியா நடக்கப் பாத்துக்கிடுற ஸ்க்ரம் மாஸ்டர், செஞ்சு முடிக்கிற டெவலப்பர்ஸ். அஞ்சு நிகழ்வு, ஸ்பிரிண்ட்டையும் (ஒரு சுத்து வேலைக்கான காலம்) சேத்து. ப்ராடக்ட் பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்), ஸ்பிரிண்ட் பேக்லாக் (அதுல இந்த ஸ்பிரிண்ட்டுக்கு எடுத்தது), இன்க்ரிமெண்ட் (செஞ்சு முடிச்சது)னு மூணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உறுதிமொழி. தினசரிக் கூட்டமான டெய்லி ஸ்க்ரம் 15 நிமிசம், ஸ்பிரிண்ட் ஒரு மாசத்துக்கு மேல போகக்கூடாது, டீம்ல பொதுவா 10 பேருக்கு மேல வேண்டாம். கிட்டத்தட்ட இவ்வளவுதான். யூசர் ஸ்டோரி (பயன்படுத்துறவர் பக்கத்துல இருந்து தேவையை எழுதுறது) அதுல கிடையாது, ஸ்டோரி பாயிண்ட் (வேலையோட அளவுக்குப் போடுற நம்பர்) கிடையாது, பிளானிங் போக்கர் (சீட்டு காட்டி அந்த அளவை மதிப்பிடுறது) கிடையாது, வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்ட்ல டீம் முடிக்கிற அளவு) கிடையாது, மிச்ச வேலையைக் காட்டுற பர்ன்டவுன் சார்ட் ஒரு உதாரணமாப் பேருக்கு வந்துட்டுப் போவுது, வேலையைப் பதிஞ்சு வைக்கிற ஜிரா சாஃப்ட்வேர் சுத்தமாக் கிடையாது. இன்டர்வியூவுல ஸ்டோரி பாயிண்ட் போடாட்டி அது ஸ்க்ரமே இல்லன்னு அடிச்சுச் சொல்லுற பிள்ளைங்க இருக்காங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அப்படித்தான் பாத்திருக்காங்க.

அப்ப இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு? வேலை பாத்த டீம்கள்ட்ட இருந்துதான். யூசர் ஸ்டோரி கென்ட் பெக் ஆரம்பிச்ச எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்ங்கிற இன்னொரு முறை பக்கத்துல இருந்து வந்தது. இன்னார் ஆகிய நான், இன்னது வேணும், இன்னதுக்காகன்னு எழுதுற அச்சு இருக்கே, அது 2001 வாக்கில லண்டன்ல இருந்த கனெக்ஸ்ட்ராங்கிற கம்பெனி டீம் பழகுனது. பிளானிங் போக்கரை 2002ல ஜேம்ஸ் கிரென்னிங் எழுதுனார், மைக் கோன் அதை ஊரெல்லாம் பரப்புனார். இன்னும் சொல்லப்போனா நாம அசைக்க முடியாதுன்னு நினைக்கிற டெய்லி ஸ்க்ரமே வெளிய இருந்து வந்ததுதான், போர்லேண்ட் கம்பெனியில குவாட்ரோ ப்ரோங்கிற கணக்குத்தாள் சாஃப்ட்வேரைச் செஞ்ச டீம் தினம் கூடிப் பேசுனதை ஜேம்ஸ் கோப்ளியன் ஆராய்ஞ்சு எழுதியிருந்தார், அதைப் படிச்சுத்தான் ஜெஃப் சதர்லேண்ட் 1993ல ஈசல் கார்ப்பரேஷன்ல தன்னோட டீமுக்குள்ள தினசரிக் கூட்டத்தைக் கொண்டுவந்தார். ஸ்க்ரம்ங்கிற பேரே 1986ல ஜப்பான்காரங்க ரெண்டு பேர், டகேயுச்சியும் நொனாகாவும், ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவுல எழுதுன கட்டுரையில இருந்து எடுத்தது. 1995ல ஊப்ஸ்லாங்கிற சாஃப்ட்வேர் மாநாட்டுல சதர்லேண்டும் கென் ஸ்வேபரும் சேந்து இதை ஒரு முறையா முன்வச்சாங்க. ஆக இது ஒருத்தர் உக்காந்து தலையில இருந்து எழுதுனது கிடையாது, அங்கங்க நடந்ததைப் பாத்து, பொறுக்கி, சுருக்கி வச்சது. இதை நான் அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம், அமெரிக்காக்காரன் எழுதுன ரூல், நமக்கு அதுல என்ன பேச்சுன்னு ஒரு ஒதுங்கல் நம்ம ஆட்கள்கிட்ட இருக்கு, அது தேவையே இல்லாத ஒதுங்கல்.

மூலத்துக்கும் சேக்கிறதுக்கும் என்ன உறவுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கணும்னா தாமிரபரணியைச் சொன்னாப் போதும். கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர்னு ஏழு அணைக்கட்டு, எட்டாவதா வெள்ளைக்காரன் காலத்துல கட்டுன ஸ்ரீவைகுண்டம். சுத்தமல்லியில இருந்து நெல்லைக் கால்வாய் பிரியுது, பழவூர்ல இருந்து பாளையங்கால்வாய், அரியநாயகிபுரத்துல இருந்து கோடகன் கால்வாய். அணைக்கட்டுல கை வைக்க எந்த ஊருக்கும் உரிமை கிடையாது, ஒரு ஊர் தன் வசதிக்கு அதை ஒசத்துனா கீழ இருக்கிற அத்தனை ஊரும் காயும். ஆனா கால்வாய்ல இருந்து தன் வயக்காட்டுக்கு மடை எங்க வைக்கணும், யாருக்கு எந்த முறையில தண்ணி, கார் சாகுபடிக்கு எப்படி பிசானத்துக்கு எப்படிங்கிறதெல்லாம் அந்தந்த ஊர் பேசி முடிவு பண்ணிக்கிட்டது. ஸ்க்ரம் கைடும் தன்னைப் பத்தி இந்த ரெண்டையும் சொல்லுது. ஒரு இடத்துல இது வேணும்னே முழுசா எழுதப்படாத சட்டகம்னு சொல்லுது, இன்னொரு இடத்துல இதை மாத்தக்கூடாது, பாதியை மட்டும் எடுத்துக்கிட்டா அது ஸ்க்ரம் ஆகாதுன்னும் சொல்லுது. ரெண்டும் முரண்படுற மாதிரி தெரியும், ஆனா மாத்தக்கூடாதுங்கிறது அணைக்கட்டைப் பத்தி, முழுசா எழுதலங்கிறது மடையைப் பத்தி. சேக்கணும்னு நினைக்கிறவங்க தான் கேக்கிறது இதுல எதுன்னு முதல்ல தெரிஞ்சு வச்சுக்கணும்.

மூலத்துக்குள்ளயே சில விசயம் போயிருக்கு, வெளியவும் வந்திருக்கு. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பாக்கணும், யோசனை அனுப்புறவங்களுக்கு அதுல நிறைய படிப்பினை இருக்கு. கைடு 2010ல முதல்ல வந்துச்சு, பொறவு 2011, 2013, 2016, 2017, 2020னு திருத்தம். 2011லயே அதை இளைக்க வச்சுட்டாங்க, பர்ன்டவுன் போட்டே ஆகணும்ங்கிறதை எடுத்தாங்க, ரிலீஸ் பிளானிங்கை எடுத்தாங்க, ஸ்பிரிண்ட்ல இவ்வளவு முடிச்சே தீருவோம்னு டீம் சத்தியம் பண்ணுறதுக்குப் பதிலா இவ்வளவு முடியும்னு கணிக்கோம்னு மாத்துனாங்க, அந்த ஒரு மாத்தம் எத்தனை டீமுக்கு ராத்திரி தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. 2016ல அஞ்சு வேல்யூஸ் உள்ள வந்துச்சு: உறுதி, தைரியம், கவனம், திறந்த மனசு, மரியாதை. இது வந்த விதம்தான் முக்கியம். கைடுல என்ன மாத்தலாம்னு யார் வேணாலும் எழுதி ஓட்டுப் போடுற மாதிரி ஒரு இடம் வச்சிருந்தாங்க, அதுல ஆட்கள் அதிகமாக் கேட்டது இந்த வேல்யூஸைத்தான். ஆனா அந்த அஞ்சையும் ஸ்வேபரும் மைக் பீடிலும் 2001லயே எழுதியாச்சு. மூலத்தை எழுதுனவரே எழுதி வச்ச ஒண்ணு, மூலத்துக்குள்ள போக 15 வருசம் வெளிய நின்னிருக்கு, ஆட்கள் பழகிப் பாத்து இது உள்ள இருக்கணும்னு கேட்ட பொறவுதான் போச்சு.

2017ல இன்னொண்ணு சேத்தாங்க, போன ரெட்ரோவுல (ஸ்பிரிண்ட் முடிவுல எதைச் சரி பண்ணலாம்னு டீம் பேசுற கூட்டம்) கண்டுபிடிச்ச முக்கியமான முன்னேற்றம் ஒண்ணாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்ல இருக்கணும்னு. நல்ல நோக்கம், ரெட்ரோவுல பேசிட்டு அப்படியே விட்டுருற பழக்கத்துக்கு மருந்து. ஆனா அது சடங்காப் போயிரும்னு ஒரு பயமும் இருந்துச்சு, பேருக்கு ஒரு கார்டு போட்டு வச்சுட்டுப் போயிரலாம்ல. 2020ல அதைத் தளர்த்தி, சேக்கலாம்ங்கிற அளவுல விட்டாங்க. டெய்லி ஸ்க்ரம்ல நேத்து என்ன பண்ணுன, இன்னைக்கு என்ன பண்ணப்போற, என்ன தடைங்கிற மூணு கேள்வியும் அதே பதிப்புல போச்சு. அதனால கைடுக்குள்ள போறதை மட்டும் குறியா வச்சு யோசனை எழுதாதீங்க, உள்ள போனதும் வெளிய வருது, வெளிய இருந்த யூசர் ஸ்டோரி உள்ள போகாமலே உலகம் பூரா பரவிருச்சு.

இனி எங்க அனுப்பலாம்ங்கிறது. 2011 வாக்கில கைடைச் சுருக்குன அதே சமயத்துல, மூலத்தைத் தொடாம அதுமேல பொருந்துற கூடுதல் பகுதிகளை ஆட்கள் எழுதித் தரலாம்னு ஸ்க்ரம் பயிற்சி தர்ற ஸ்க்ரம்.ஆர்க் அமைப்புப் பக்கத்துல இருந்து ஒரு ஏற்பாடு வந்துச்சு. இன்னொரு பக்கம் 2010ல இருந்து ஸ்க்ரம்பிலாப்னு ஒரு கூட்டம், ஸ்க்ரம் பண்ணுறவங்க தங்களுக்கு வேலை செஞ்சதை பேட்டர்னா (இன்ன சிக்கலுக்கு இன்ன வழிங்கிற குறிப்பு) எழுதிக் கொண்டுவந்து அலசுறாங்க. 2018ல ஸ்க்ரம் டீமுக்கான கன்பன் கைடு வந்துச்சு, நான் நல்ல முன்மாதிரியா நினைக்கிறது அதைத்தான். ஸ்க்ரம் கைடுல ஒரு வரி மாத்தாம, வேலை ஓட்டத்தைக் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வை, கையில எடுத்த வேலைக்கு எல்லை போடு, எவ்வளவு நாளா ஒரு வேலை கிடக்குன்னு பாருன்னு பக்கத்துல ஒட்டுற மாதிரி எழுதியிருக்கு. கடைசியா 2025 ஜூன்ல ரால்ஃப் ஜோகம், ஜான் கோல்மேன், ஜெஃப் சதர்லேண்ட் மூணு பேரும் சேந்து ஸ்க்ரம் கைடு எக்ஸ்பான்ஷன் பேக்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, 2020 கைடு அப்படியே இருக்கும், இது கூடுதல். 13 பக்கத்தை எதுக்கு இப்படி நீட்டணும்னு கேக்கிறவங்க இருக்காங்க, அந்தக் கேள்வி நியாயமானதுதான், அதுக்குப் பொறவு வாரேன்.

லைசன்ஸ் விசயத்தை நிறைய பேர் பாக்கிறதே இல்ல. ஸ்க்ரம் கைடு கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிப்யூஷன் ஷேர்-அலைக் 4.0ல இருக்கு. அதை எடுத்து, அதுமேல கட்டி, மொழிபெயர்த்து, வெளியிடலாம், யாருக்கும் கடிதம் போட்டு அனுமதி கேக்க வேண்டாம். மூலம் எழுதுனவங்க பேரைப் போடணும், என்ன மாத்துனோம்னு சொல்லணும், நீங்க வெளியிடுறதும் அதே லைசன்ஸ்ல இருக்கணும், அவ்வளவுதான். ஆக அனுமதிக்காக யாரும் காத்துக் கிடக்க வேண்டியதில்ல, எழுதுறதுதான் பாக்கி.

எழுதுற முறைக்கு வருவோம், இங்கதான் பெரும்பாலான யோசனை செத்துப்போவுது. நாங்க இப்படிப் பண்ணுதோம், நல்லா இருக்கு, எல்லாரும் பண்ணுங்கன்னு எழுதுனா அதைப் படிக்கிறவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. பேட்டர்ன் எழுதுறவங்க ஒரு வடிவம் வச்சிருக்காங்க, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1970கள்ல ஊரும் வீடும் கட்டுறதுக்கு எழுதுன முறையை 1987ல கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்தாங்க, 1995ல கன்னிங்ஹாம் முதல் விக்கியை உண்டாக்குனதே இந்த பேட்டர்னை எல்லாரும் சேந்து எழுதத்தான். வடிவம் ரொம்பச் சுலபம். முதல்ல எந்தச் சூழ்நிலை, அடுத்து அதுல என்ன சிக்கல், அந்தச் சிக்கலை எதெல்லாம் எந்தெந்தப் பக்கம் இழுக்கு, அப்ப என்ன செய்யணும், செஞ்சா என்ன ஆகும், புதுசா என்ன தொந்தரவு வரும், எங்க இது பொருந்தாது. இதுல இழுவிசையைச் சொல்லுற பகுதிதான் உயிர், நம்ம ஆட்கள் விடுறதும் அதைத்தான்.

நம்ம ஊர் உதாரணத்தையே எடுத்து எழுதிப் பாக்கலாம். பங்குனி உத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு டீம்ல பெரும்பாலானவங்க இந்த மாவட்டம், பக்கத்து மாவட்டம்தான். அன்னைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன்னோட சாஸ்தா கோயிலுக்குப் போகும், ஒருத்தருக்கு காட்டுக்குள்ள, ஒருத்தருக்கு குளத்தங்கரையில, ஒருத்தருக்கு வேற தாலுகாவுல. வெளியூர்ல இருக்கிற சொந்தமெல்லாம் வந்து நிக்கும், போகாம இருக்க முடியாது, இருக்கவும் மனசு வராது. தேதி வருசா வருசம் மாறும். உள்ளூர் விடுமுறை விட்டாலும் வெளிநாட்டு க்ளையண்ட்டோட காலண்டர்ல அது இருக்காது. இதுபோக கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. சுடலை மாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ அம்மனுக்கோ கொடைன்னா நிறைய ஊர்ல திங்கள் ராத்திரி குடியழைப்புல ஆரம்பிச்சு புதன் வரைக்கும் போவும், தேதியை ஊர்க் கூட்டம் போட்டு வரி பேசித்தான் முடிவு பண்ணுவாங்க, அதனால ஆபீஸ்ல முன்கூட்டியே சொல்ல முடியாது. இதுல இழுவிசை என்னென்ன? போகணும்ங்கிற கடமை ஒரு பக்கம். ஒரே வாரத்துல எல்லாரும் லீவு கேட்டா நம்மைப் பொறுப்பில்லாதவன்னு நினைப்பாங்களோங்கிற கூச்சம் ஒரு பக்கம், அதனால கடைசி நாள் வரைக்கும் சொல்லாம இருந்து காலையில மெசேஜ் போடுறது. க்ளையண்ட்டுக்கு ரிலீஸ் தேதி ஒரு பக்கம். கோயிலுக்குப் போகாத ரெண்டு பேர் தலையில எல்லா வேலையும் விழுறது இன்னொரு பக்கம், அவங்க பெரும்பாலும் வேற மதத்துப் பிள்ளைங்களா இருப்பாங்க, அவங்க பண்டிகைக்கு நாம நிக்கோமாங்கிற கேள்வியும் அதுல வரும்.

இதுக்கு டீம்கள் கண்டுபிடிச்சிருக்கிற வழி ரொம்ப நேர்மையான வழி. செவுத்துல ஒரு ஊர்க் காலண்டர், எல்லாரும் அவங்க அவங்க கோயில், சர்ச், பள்ளிவாசல் நாளை எழுதணும், தேதி முடிவாகாட்டி இந்த மாசம்னு பென்சில்ல எழுதணும். ஸ்பிரிண்ட் பிளானிங்ல முதல்ல பாக்கிறது அந்தக் காலண்டரை, பேக்லாக்கை அதுக்கு அடுத்துதான். கூட்டமாக் காலியாகுற ஸ்பிரிண்ட்டுக்கு சின்னதா ஒரு ஸ்பிரிண்ட் கோல் (அந்த ஸ்பிரிண்ட்டோட இலக்கு), அந்த வாரத்துல ரிலீஸ் கிடையாது, க்ளையண்ட்கிட்ட ரெண்டு ஸ்பிரிண்ட் முன்னாடியே சொல்லிரணும். செஞ்சா என்ன ஆகும்? கடைசி நேர மெசேஜ் குறையும், க்ளையண்ட்டுக்கு நம்ம மேல நம்பிக்கை கூடும். புதுத் தொந்தரவு என்னன்னா, தன் சொந்த விசயத்தைச் செவுத்துல எழுத விரும்பாதவங்க இருப்பாங்க, அவங்களை காரணம் எழுதச் சொல்லக்கூடாது, தேதி மட்டும் போதும். எங்க பொருந்தாது? பல மாநிலத்துல சிதறி இருக்கிற டீமுக்கு இது பெருசா உதவாது, 24 மணி நேர சப்போர்ட் டீமுக்கு இதோட முறை வச்சு மாத்துற ஏற்பாடும் வேணும்.

இப்ப பாருங்க, இதை வெளிய அனுப்பும்போது பேரைப் பங்குனி உத்திரம்னு வச்சா நம்ம ஊர்க்காரன் மட்டும்தான் படிப்பான். ஒரே ஊர்ல இருந்து வந்தவங்க ஒரே நாள்ல காலியாகுற டீம்னு வச்சா ஓணத்துக்குக் காலியாகுற கொச்சி டீமும் படிக்கும், சந்திரப் புத்தாண்டுக்குக் காலியாகுற சீன டீமும் படிக்கும். சிக்கலைப் பொதுவாச் சொல்லணும், உதாரணத்தை மட்டும் நம்ம மண்ணுலயே விடணும். உதாரணத்தையும் பொதுவாக்கிட்டா அதுல உயிர் இருக்காது.

அடுத்தது அண்ணாச்சி விசயம். டீம் லீடு வயசுல மூத்தவர், பக்கத்து ஊர்க்காரர், சில சமயம் அவர்தான் வேலையே வாங்கிக் கொடுத்திருப்பார். ரெட்ரோவுல அவர் "ஏல, எதுவும் பிரச்சனை இருந்தா சொல்லுங்கடே"ம்பார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, எல்லாம் நல்லாத்தான் போவுது"ன்னு பதில் வரும். அஞ்சு நிமிசம் கழிச்சு டீக்கடையில அத்தனையும் கொட்டும். இதைப் பயம்னு மட்டும் சொன்னா தப்பு, மரியாதையும் நன்றியும் அதுல கலந்து கிடக்கு, மூத்தவரை நாலு பேர் முன்னால குறை சொல்லக்கூடாதுன்னு வளத்திருக்காங்க, அந்த வளப்பு நல்ல வளப்பு. ஆனா அந்த ஸ்பிரிண்ட்டோட குறை அப்படியே அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குப் போயிருது. பேசுறதுக்கு முன்னால எல்லாரும் சத்தமில்லாம சீட்டுல எழுதிப் போடுற பழக்கம் இதுக்கு ஏற்கெனவே உலகத்துல இருக்கு, பலரும் எழுதியாச்சு, அதை நம்ம கண்டுபிடிப்பா அனுப்பக் கூடாது. நம்ம சேக்க வேண்டியது அதுக்கு மேல இருக்கிற ஒரு படி. சீட்டை அண்ணாச்சியே பிரிச்சுப் படிக்கணும், படிக்கிறதுக்கு முன்னால தன் பக்கத்துல போன ஸ்பிரிண்ட்ல என்ன சரியா நடக்கலன்னு அவரே ஒண்ணு சொல்லணும். மூத்தவர் வாயில இருந்து முதல் குறை வந்துட்டா மத்தவங்களுக்கு மரியாதை கெட்டுப்போன மாதிரி இருக்காது. இருக்கிற பேட்டர்ன் ஒண்ணுக்கு இப்படி இன்ன சூழ்நிலையில இதையும் சேத்தாத்தான் நடக்குன்னு எழுதுறதும் முழு மதிப்புள்ள சேர்க்கைதான், புதுசா ஒண்ணு உண்டாக்கணும்னு அவசியமே இல்ல. அதனால எழுத உக்காருறதுக்கு முன்னால வேற யாரும் எழுதியிருக்காங்களான்னு தேடிருங்க.

மூணாவது, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணிக்குள்ள, கரண்ட் இல்ல, டவர் இல்ல, யார் எங்க இருக்காங்கன்னே தெரியல. அந்த வாரம் ஓடிக்கிட்டு இருந்த ஸ்பிரிண்ட் என்ன ஆச்சு? கைடுல ஸ்பிரிண்ட்டை ரத்து பண்ணுறதுக்கு ஒரே காரணம்தான் சொல்லியிருக்கு, ஸ்பிரிண்ட் கோலுக்கு இனி அர்த்தம் இல்லன்னு ஆகணும், அதை ரத்து பண்ணுற அதிகாரமும் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும்தான். இங்க கோல் செல்லும், டீம்தான் இல்ல. அதுக்காக கைடை மாத்தணும்னு கேக்கணுமா? நான் வேண்டாம்னுதான் நினைக்கேன், கைடு இருக்கிறபடியே ஸ்பிரிண்ட் அதோட நாள்ல முடியட்டும், முடிஞ்சதைப் பாப்போம். ஆனா பக்கத்துல ஒரு சேர்க்கை கண்டிப்பா வேணும், அதை எழுத நம்மளை விடத் தகுதியானவங்க கம்மி. முன்கூட்டியே பேசி வைக்கணும்: மழை எச்சரிக்கை வந்த உடனே கையில இருக்கிற புரோகிராமை முடிஞ்சாலும் முடியாட்டியும் சர்வர்ல ஏத்திரணும், க்ளையண்ட்டுக்குத் தகவல் சொல்ல வெளியூர்ல இருக்கிற ஒருத்தர் பொறுப்பு, ஒவ்வொருத்தரும் இன்னும் ரெண்டு பேரைப் போன்ல விசாரிக்கணும். திரும்பி வந்த முதல் நாள் வேலை எதுவும் எடுக்கக் கூடாது, யார் வீடு என்ன நிலையில இருக்கு, யாரால எவ்வளவு நேரம் உக்கார முடியும்னு பேசி, பொறவு புதுசா பிளானிங். அந்த ஸ்பிரிண்ட்டோட கணக்கை வச்சு வெலாசிட்டி போடவே கூடாது, அந்த நம்பர் யாரோ ஒரு மேனேஜர் கையில கிடைச்சு டீம் வேகம் குறைஞ்சுருச்சுன்னு ஸ்லைடுல ஏறுனா அது பெரிய அநியாயம். சென்னை டீம், கேரளா டீம், கடலோரத்துல இருக்கிற எந்த ஊர் டீமும் இதை எடுத்துக்கிடலாம்.

அனுப்பக் கூடாததும் இருக்கு. செஞ்சதைக் காட்டுற ஸ்பிரிண்ட் ரிவியூவுக்கு க்ளையண்ட் வர மாட்டாங்க, அதனால அது வேண்டாம்ங்கிறது சேர்க்கை கிடையாது, கழிக்கிறது. ஸ்க்ரம் மாஸ்டரே ஆளுக்கு வேலை பிரிச்சுக் கொடுத்து டைம்ஷீட் வாங்கலாம்ங்கிறதும் அப்படித்தான், டெவலப்பர்ஸ் தங்களோட வேலையைத் தாங்களே பிரிச்சுக்கிடணும்ங்கிற அடிப்படையிலயே அது கை வைக்கு. இந்த மாதிரி வசதிக்குச் செஞ்சுக்கிட்டதுகளை உள்ளூர்ப் பழக்கம்னு பேர் வச்சு அனுப்புனா நல்ல யோசனைகளுக்கும் மரியாதை போயிரும். நீங்க எழுதுனதை ஒரு டீம் முழுசா எடுத்துக்கிட்ட பொறவும் அவங்க கைடுல இருக்கிற எல்லாத்தையும் செஞ்சுக்கிட்டு இருப்பாங்களா? ஆமான்னா அனுப்புங்க. இல்லன்னா எதை எடுத்துட்டீங்கன்னு திரும்பப் பாருங்க.

எதுக்கு நீட்டணும்னு கேக்கிறவங்க கேள்விக்கு வாரேன்னு சொன்னேன்ல. அவங்க பயம் உண்மையான பயம். ஒவ்வொருத்தரும் ஒண்ணு சேத்தா 13 பக்கம் 1300 பக்கமாகும், அப்ப புதுசா வர்ற டீம் எதைப் படிக்கும்? கனமான முறைகளைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் 2001 பிப்ரவரியில அமெரிக்காவுல ஸ்னோபேர்ட்ல 17 பேர் கூடி, இலகுவான முறைகளுக்காக அஜைல் மேனிஃபெஸ்டோங்கிற அறிக்கையை எழுதுனாங்க, திரும்ப அதே கனத்துக்குப் போகணுமான்னு கேக்காங்க. என்னோட பதில், சேக்கிறது எல்லாருக்கும் கட்டாயம்னு ஆகும்போதுதான் கனம். ஒரு பேட்டர்ன் இந்தச் சூழ்நிலை உனக்கு இருந்தா மட்டும் என்னைப் படின்னு முதல் வரியிலயே சொல்லிருது, சூழ்நிலை இல்லாதவன் அடுத்த பக்கம் போயிருவான். அதனாலதான் சூழ்நிலையும் எங்க பொருந்தாதுங்கிறதும் எழுதாத யோசனையை நான் ஏத்துக்கிறதே இல்ல. எழுதாம விட்டா நடக்கிறது இன்னும் மோசம், சர்ட்டிஃபிகேட் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கைடை மனப்பாடம் பண்ணிட்டு வந்து, பங்குனி உத்திரம் வாரத்துல ஸ்பிரிண்ட் உடைஞ்சதும் ஸ்க்ரம் நம்ம ஊருக்குச் சரிவராதுன்னு முடிவு கட்டிரும்.

இதை நடத்திப் பாக்க ஒரு வழியும் இருக்கு, பேட்டர்ன் கூட்டங்கள்ல ரைட்டர்ஸ் வொர்க்ஷாப்னு ஒண்ணு நடத்துவாங்க. எழுதுனவர் ஒரு பத்தியை வாசிச்சுட்டுப் பேசாம உக்காந்திருவார், மத்தவங்க அவர் அங்க இல்லாத மாதிரி அதைப் பத்திப் பேசுவாங்க, முதல்ல எது நல்லா இருக்கு, பொறவு எதை எப்படிச் சரி பண்ணலாம். அவர் பதில் சொல்லவோ தற்காத்துப் பேசவோ கூடாது, குறிச்சுக்கிடலாம். அதுக்கு முன்னால அனுபவம் உள்ள ஒருத்தர் கூட இருந்து சில சுத்து திருத்திக் கொடுப்பார், அவரை ஷெப்பர்டும்பாங்க. பாளையங்கோட்டையில ஏதாவது ஒரு காலேஜ் வகுப்பறை கிடைச்சா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இதை நடத்திரலாம், ரெண்டு மூணு கம்பெனி ஆட்கள் வந்தாப் போதும், ஒரே கம்பெனி ஆட்களா இருந்தா திரும்ப அண்ணாச்சி பிரச்சனை வந்துரும். முதல் வரைவைத் தமிழ்ல, பேசுற மாதிரியே எழுதச் சொல்லுங்க, இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா எல்லாரும் ட்ரெயினிங் ஸ்லைடு மாதிரி எழுத ஆரம்பிச்சுருவாங்க, நடந்தது என்னங்கிறது அதுல காணாமப் போயிரும். அலசி முடிஞ்ச பொறவு இங்கிலீஷுக்கு மாத்தி வெளிய அனுப்பலாம், தமிழ்ல இருக்கிறதையும் அதே லைசன்ஸ்ல வெளியிடலாம்.

எழுதும்போது ரெண்டு விசயத்துல கவனம் வேணும். க்ளையண்ட் பேரு, ப்ராடக்ட் பேரு, கம்பெனிக்குள்ள இருக்கிற நம்பர் எதையும் எழுதக் கூடாது, வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல அது இருக்கும், பேட்டர்னுக்கு அது தேவையும் இல்ல, வெளிநாட்டு க்ளையண்ட், ரெண்டு வார ஸ்பிரிண்ட், எட்டுப் பேர் டீம்னு சொன்னாப் போதும். இன்னொண்ணு, ஒரே ஒரு டீம்ல ஒரு தடவை நடந்ததை பேட்டர்ன்னு சொல்லக் கூடாது, பேட்டர்ன் எழுதுறவங்க பழக்கத்துல ஒண்ணை நம்பணும்னா குறைஞ்சது மூணு வேற வேற இடத்துல அது வேலை செஞ்சிருக்கணும்பாங்க. உங்க ஊர்க் காலண்டரை இன்னும் ரெண்டு டீமுக்குக் கொடுங்க, அவங்க ஒரு கொடை சீசனைத் தாண்டட்டும், அவங்களுக்கு எது சரிவரலன்னு கேட்டு அதையும் உள்ள எழுதி, அந்த டீம்ல இருந்து எழுத உதவுனவங்க சம்மதிச்சா அவங்க பேரையும் சேத்துப் போட்டு அனுப்புங்க.